அக்கா சாய்ந்த சுவர்

'எங்க' வேறு, 'நம்ம' வேறு என்று தமிழ் பேசுகிற வீட்டில் யாரும் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. பேச்சு வந்து நாலு நாள் ஆன பிள்ளைக்கே அது தெரிந்துவிடுகிறது. 'நம்ம பொம்மை' என்றால் எதிரில் இருப்பவளும் தொடலாம். 'எங்க பொம்மை' என்றால் தொடக்கூடாது. அவ்வளவுதான் சங்கதி. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடலாம், கதவைக்கூடச் சாத்த வேண்டியதில்லை.

நான் சொல்லவந்தவளை அப்படி நிறுத்தியது ஒரு எட்டு வயதுப் பெண். கல்யாணம் முடிந்த கையோடு, ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தவளுக்குக் கதவைத் திறந்து, "வாங்க சித்தி" என்றாள். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. குடையைத் தானே வாங்கி மூலையில் வைத்தாள். பிறகு, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவளுக்குக் காட்டுவது போல ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"இது எங்க ரூம். இது எங்க பாத்ரூம், கதவு இறுக்கமா இருக்கும், தூக்கித் தள்ளணும். இது எங்க சமையல்கட்டு. எங்க வீட்டுல பால் பாத்திரம் இந்தத் தட்டுலதான் இருக்கும்."

அப்பா பின்னால் நின்று செருமினார். குழந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். உள்ளதைச் சொன்னால்தானே அதிகம் வலிக்கிறது. புதிதாக வந்தவள் "சரி கண்ணு" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்த 'எங்க' மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது, பிறகு பல வருஷம் அங்கேயே இருந்தது.

வீட்டில் அவள் சித்தி. வேலை செய்யும் இடத்தில் கறைக்காரம்மா. நாமும் சித்தி என்றே சொல்லிக்கொள்வோம், வாய்க்கு எளிது.

கறைக்காரம்மா என்ற பெயர் வந்தது ட்ரைகிளீனிங் கடையில். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, மின்விசிறி, சிரித்த முகம்; பின்பக்கம் ஆவி, இரைச்சல், வியர்வை. பின்பக்கத்தில் ஜன்னலோரமாக அவளுக்கு ஒரு மேஜை. கறை பட்ட துணிகள் மட்டும் அங்கே வரும். துணியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்மையைச் சொல்வதில்லை. ரத்தத்தைச் சாயம் என்பார்கள். அழுது வழிந்த கண்மையைப் பேனா மை என்பார்கள். துணிக்குப் பொய் சொல்ல வராது. ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர். சுடுநீர் பட்டால் வெந்து அங்கேயே குடியிருந்துவிடும். எண்ணெய் என்றால் பவுடரைத் தூவி, ஆற அமர உறிஞ்ச விட வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் ஊருக்கே பரவும்.

"கறைய மெரட்டக் கூடாது. தாஜா பண்ணித்தான் வெளிய கூட்டிட்டு வரணும்" என்பாள் சித்தி.

"புருஷனுக்கும் அதே வைத்தியம்தான்" என்பாள் முதலாளியம்மா. அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், கையும் அதே அளவுக்கு நீளம். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பாள்.

சித்திக்குக் கல்யாணமே தாமதம். சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய்விட்டார்கள். மாமா வீட்டில் கொஞ்ச காலம், அண்ணன் வீட்டில் கொஞ்ச காலம், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் மீதிக் காலம். யாரும் விரட்டியதில்லை. போன இடமெல்லாம் பாய் விரிக்க இடம் கிடைத்தது. சுருட்டிய பாயை வைக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. அது எப்போதும் யாராவது ஒருவருடைய பீரோவுக்குப் பின்னால், யாராவது ஒருவருடைய கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஆகவே, லிஃப்ட் மெக்கானிக், மனைவி தவறிவிட்டாள், ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று வரன் வந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் யோசித்தாள்: இனி என் பாய்க்கு ஒரு மூலை.

மூலை கிடைத்தது. ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள்.

கூடத்தில் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், தரையில் உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது: தலைக்கு வைக்கிற எண்ணெய், வருஷக்கணக்காக ஒரே இடத்தில் சாய்ந்திருக்கிறார்கள். புதுப்பெண் என்று சும்மா இருக்க முடியுமா? வந்த வாரத்திலேயே பவுடர், உறிஞ்சுதாள், இளஞ்சூட்டில் இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றோடும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். புருஷன் மெச்சுவார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"சித்தி, தொடாதீங்க! அது எங்க அம்மா."

'அம்மாவோடது' என்று சொல்லவில்லை. அம்மா என்றாள். சித்தி இஸ்திரிப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள்.

அன்று சாயங்காலம் கணவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அவ அங்கதான் சாஞ்சு உக்காருவா. பாப்பாவ முன்னால உக்கார வெச்சுத் தலை வாருவா. கடைசியில எழுந்து நடமாட முடியல, நாள் பூரா அங்கயேதான். போனதுக்கப்புறம் ரெண்டு தடவ பெயின்ட் அடிச்சேன். ரெண்டு தடவையும் வெளிய வந்துட்டா."

வந்துடுச்சு என்று சொல்லவில்லை, வந்துட்டா என்றார். எண்ணெய் பெயின்ட்டைத் தாண்டி வெளியே வருவது இயற்கை என்று சித்திக்குத் தெரியும். பவுடர் டப்பாவை மூடி உள்ளே எடுத்து வைத்தாள்.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகப் புலப்பட ஆரம்பித்தது. கடையில் காலை முறை முடித்துவிட்டு மதியம் வீட்டுக்கு முதலில் வருகிறவள் அவள்தான். பூட்டைத் திறந்து உள்ளே வந்தால், அந்தச் சுவரடியிலிருந்து யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல இருக்கும். தரையைத் தொட்டுப் பார்ப்பாள். மற்ற இடம் சில்லென்றிருக்க அந்த இடம் மட்டும் உடம்புச் சூட்டில் இருக்கும். ஜன்னல் வெயில் என்று சொல்லலாம். மழை நாளிலும் அப்படித்தான் இருந்தது. சாத்திவிட்டுப் போன அலமாரிக் கதவு ஒரு விரல் திறந்திருக்கும். வீட்டில் யாரும் தலைக்கு எண்ணெய் வைக்காத நாளில் எண்ணெய் வாசனை அடிக்கும்.

வேறொருத்தியாக இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். போன மனிதர்களின் வாசனையைத் துணியில் தினமும் முகர்கிறவளுக்குப் பேய் என்ன புதுசா? பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவள் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட வெட்கம். அதனால் கதவைத் திறக்கும்போதே "நான்தான்" என்று குரல் கொடுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நாளில் அது "அக்கா, நான்தான்" என்றானது. மூத்தவளை அக்கா என்றுதானே கூப்பிட வேண்டும்? பிறகு பேச்சு வளர்ந்தது. "இன்னிக்கு ஒரு கோட்டு வந்துச்சுக்கா, பாக்கெட்டுல மல்லாந்து கெடக்குது உருகின சாக்லேட்டு." "பாப்பாவுக்குக் காய்ச்சல்க்கா, நீ எந்த மருந்து குடுப்ப?"

கடையில் ஒருநாள் வாய் தவறி இதைச் சொல்லிவிட்டாள். முதலாளியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சக்களத்திச் சண்டை கேள்விப்பட்டிருக்கேன். சக்களத்தி சிநேகத்த இப்பதான்டி கேக்கறேன்!"

அவள் சிரித்தாலும், அந்த வீட்டில் சித்தியோடு கூச்சமில்லாமல் இருந்தது சுவரடியில் இருந்த அந்த ஒருத்திதான். கணவர் நல்லவர், ஆனால் லிஃப்டுக்குள் நிற்கிற ஆள் மாதிரி எப்போதும் எதையோ எதிர்பார்த்து மேலே பார்த்துக்கொண்டிருப்பார். மகள் சொன்ன பேச்சைக் கேட்பாள், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள், ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சித்திக்குத் தோன்றும். சொந்தக்காரர்களிடம்தானே சண்டை போடுவோம். பரீட்சைக்கு முந்தின நாள், கண்ணில் நீர் முட்டுகிற நாள், எல்லா நாளும் மகள் போய்க் கன்னத்தை வைத்துக்கொண்டது அந்தச் சுவரில்தான்.

வாசலில் நின்று தோழிகளிடம், "நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்கடி" என்பாள். சமையல்கட்டில் இருக்கும் சித்தி கையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். 'எங்க'வில் ஒரு விசித்திரம் உண்டு. அதை நம்மிடமே சொன்னால் நாம் வெளியே. நம்மை வைத்துக்கொண்டு மூன்றாம் மனுஷியிடம் சொன்னால், நாம் உள்ளேயா வெளியேயா என்பது சொல்கிறவளுக்குத்தான் வெளிச்சம். அந்த 'எங்க'வுக்குள் தனக்கும் ஒரு மூலை இருக்குமா? போய்க் கேட்க முடியுமா என்ன? கேட்டுப் பெறுகிற பொருளா அது?

மகள் கல்லூரிக்காக வெளியூர் விடுதிக்குப் போனாள். அந்த மழைக்காலத்தில் மேல்வீட்டுக் குழாய் உடைந்து, கூடத்துச் சுவருக்குள்ளேயே தண்ணீர் இறங்கியது. பூச்சு பொம்மென்று உப்பி, ஒரு மதியம் சித்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாளம் பாளமாக விழுந்தது. கறை இருந்த இடம் முதலில் விழுந்தது. கணவர் ஆளை வைத்து அந்த இடத்தைச் சிமெண்ட் பூசி, மேலே வெள்ளை அடித்தார். வெள்ளை காய்ந்தபின் சுவரைப் பார்த்து நெடுநேரம் நின்றார். "நல்லதுதான் போ" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

லீவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று சித்தி விரல் விட்டு எண்ணினாள். லீவுக்கு வரப்போகிற பெண் சுவரைப் பார்ப்பாள். குழாய் உடைந்தது என்று சொன்னால் நம்புவாளா? ஊரில் யார் வீட்டுக் கறை போனாலும் கறைக்காரம்மா கைவேலை என்றுதானே சொல்வார்கள்? முதல் வாரமே இஸ்திரிப்பெட்டியோடு கையும் களவுமாகப் பிடிபட்டவள் அல்லவா அவள்? 'எங்க அம்மாவ அழிச்சிட்டீங்க' என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், இத்தனை வருஷம் சேர்த்தது எல்லாம் போச்சு. சுருட்டிய பாயோடு மறுபடி நடுத்தெரு. அதைவிடவும் ஒரு பயம்: சுவர் விழுந்த நாளிலிருந்து வீடு வெறிச்சென்றிருந்தது. "அக்கா, நான்தான்" என்றால் வெறும் சுவர் வெறும் சுவராக நின்றது.

அதனால் அவள் உட்கார்ந்தாள். கறை எடுத்தே காலத்தை ஓட்டியவள் கறை வைக்க உட்கார்ந்தாள். அக்கா வைத்த அதே எண்ணெயைத் தலையில் வழிய வழிய வைத்துக்கொண்டு, மதியம் வந்தவுடன் அந்த இடத்தில் சாய்ந்தாள். முதல் நாளே ஒரு சிக்கல். அக்கா உயரம், போட்டோவில் கணவர் தோளுக்கு மேலே நிற்பவள். சித்தி குள்ளம். அதனால் போர்வைகளை மடித்துப் போட்டு அதன் மேல் ஏறி உட்கார வேண்டியிருந்தது. அந்த உயரத்தில் கழுத்தைத் திருப்பியபோதுதான் ஒன்றைக் கண்டாள்.

தரையில் உட்கார்ந்தால் ஜன்னல் விளிம்பு மறைக்கும், வானம்தான் தெரியும். அக்காவின் உயரத்திலிருந்து பார்த்தால் கீழே தெருத் திருப்பம் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற பிள்ளைகள் அந்தத் திருப்பத்தில்தான் முதலில் கண்ணில் படுவார்கள். எழுந்து நடமாட முடியாதவள் நாள் முழுவதும் ஏன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை என்று அப்போது புரிந்தது. சித்தி வாய்விட்டு அழுதாள். "இதுக்காகவாக்கா?" என்றாள். கழுத்துக்குப் பின்னால் சுவர் மெல்லச் சூடானது.

கணவர் ஒருநாள் சீக்கிரம் வந்து பார்த்துவிட்டார். போர்வை மேல் அமர்ந்து, எண்ணெய் வழிய, கண்மூடிச் சாய்ந்திருந்தவளைப் பார்த்துக் கதவிலேயே நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. "ஒரு நிமிஷம்... நீன்னு தெரியல" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை, சாகும்வரை.

லீவு வருவதற்குள் வெள்ளைச் சுவரில் அதே உயரத்தில் பழுப்பு வட்டம் விழுந்துவிட்டது. லீவுக்கு வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சுவரிடம் போனாள். மண்டி போட்டுக் கன்னத்தை வைத்தாள். மூச்சை இழுத்து முகர்ந்தாள். "ஹாஸ்டல்ல இந்த வாசனைதான் இல்ல சித்தி" என்றாள். சித்தி சமையல்கட்டுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தப்பித்த நிம்மதியா, என் கறையில் பதிந்த கன்னம் என்மேல் பதியவில்லையே என்ற எரிச்சலா என்று கேட்டால், இரண்டும்தான்.

வருஷங்கள் ஓடின. மகளுக்கு வேலை, கல்யாணம், வேறு ஊரில் வீடு. கணவர் ஒரு காலை படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. சித்தி கடையிலிருந்து நின்றுவிட்டாள். ஆனால் மதியம் அந்த இடத்தில் போர்வை மேல் சாய்வதை மட்டும் விடவில்லை. இப்போது யாருக்காகவும் கறை வைக்க வேண்டியதில்லை. எந்தப் பிள்ளையும் திருப்பத்தில் வரப்போவதில்லை. இருந்தும் சித்தியும் அக்காவும் திருப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டடம் பழசு, இடிக்கப் போகிறார்கள் என்று ஆனபோது மகள் வந்தாள். "என்கூட வந்துடுங்க சித்தி" என்றாள். கூடவே ஒரு கொத்தனாரையும் அழைத்து வந்திருந்தாள்.

"அம்மாவ விட்டுட்டு வர முடியாது. அந்தக் கறை இருக்கற பூச்ச மட்டும் அப்படியே சதுரமா வெட்டி எடுத்துத் தர முடியும்னு சொல்றாரு. கண்ணாடி போட்டு மாட்டிக்கலாம்."

கொத்தனார் உளியின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டினார். பக்கத்தில் தட்டினார். மறுபடி இங்கே தட்டினார்.

"இது தனிப் பூச்சாச்சேம்மா. மத்த செவுரு பூரா பழைய சுண்ணாம்பு. இந்த எடம் மட்டும் சிமெண்ட்டு. எப்பவோ ஒடஞ்சு புதுசாப் பூசியிருக்காங்க."

மகள் சிரித்தாள். "இல்லீங்க. நான் கொழந்தையா இருக்கறப்பவே இந்தக் கறை இருக்கு."

"கறை பழசா இருக்கலாம்மா, செவுரு பழசு இல்லியே. செவுருக்கு முன்னாடி கறை எப்படி வரும்?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றாள் சித்தி. மகள் திரும்பினாள். அந்த எட்டு வயதுக் கண்கள் அப்படியே இருந்தன.

"சித்தி?"

"நான் எடுக்கல கண்ணு. அத மட்டும் நம்பு" என்றாள் சித்தி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், மழை, விழுந்த பாளம், எண்ணெய், மடித்த போர்வை. கொத்தனார் நாகரிகமாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் சுவரைத் தொட்டாள். சுட்டதுபோலக் கையை எடுத்தாள்.

"அப்ப இது யாரு?"

"மொதல்ல நான்தான். அப்புறம்... எனக்கே தெரியல. நாங்கதான்னு வெச்சுக்கோயேன்."

"நாங்கன்னா?"

"நானும் அக்காவும்."

சொன்ன பிறகுதான் சித்திக்கே காதில் விழுந்தது. நாங்க என்றுவிட்டாள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளை, அக்கா பெற்ற மகளை, முகத்துக்கு நேரே வெளியே நிறுத்திவிட்டாள். தான் இத்தனை வருஷம் நின்ற அதே இடத்தில்.

மகள் முகம் கோணியது. "எங்கம்மா ஒரு தடவ செத்தாங்க. பத்தாதா சித்தி?" என்றாள். "நான் எத்தன தடவ இதுல சாஞ்சு அழுதிருக்கேன். உங்க தலைமேல சாஞ்சா அழுதேன்?" பிறகு கொத்தனாரிடம், "வேணாங்க. விட்டுடுங்க" என்றாள்.

சுவரை விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மகள் வீட்டில் சித்திக்குத் தனி அறை. கட்டில், மின்விசிறி, புத்தம்புது வெளிர் மஞ்சள் சுவர், பாய் வைக்கத் தனி அலமாரி. கேட்டது கிடைக்கும். பேச்சு மட்டும் அளந்துதான் வந்தது. "சாப்பிட்டீங்களா?" "மாத்திர போட்டீங்களா?" அறைக்குள் நுழையும்போது பழக்கதோஷத்தில் "அக்கா" என்று வாய் வரும். பதில் இல்லாத அறை. பேய் இருக்கிற வீட்டில் குடியிருந்துவிடலாம். பேய்கூட இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று சித்திக்குத் தெரியவில்லை. மூத்தவளைத் தன்னந்தனியாக இடிகிற வீட்டில் விட்டுவிட்டு, தான் மட்டும் கட்டிலில் படுத்திருப்பதாகக் குறுகுறுத்தது. சோறு இறங்கவில்லை.

ஒருநாள் கடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, பஸ் ஏறிப் பழைய தெருவுக்குப் போனாள். கடைப் பக்கம் போகவே இல்லை. தெருத் திருப்பத்தில் கால் தானாக நின்றது. கட்டடத்தின் முன்பாதியைப் பெயர்த்திருந்தார்கள். அறைகள் திறந்து கிடந்தன. மூன்றாவது மாடியில், வெட்டவெளியில், வானத்தைப் பார்த்தபடி அந்தச் சுவர் தனியாக நின்றது. அதில் அந்தப் பழுப்பு வட்டம். திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண் அந்த இடத்தில் தினமும் தலை நிமிர்ந்து பார்த்திருப்பாள். இப்போது சித்தி பார்த்தாள். போகிறவர் வருகிறவர் திரும்பிப் பார்க்க, கையைத் தூக்கி அசைத்தாள்.

"அக்கா, நான்தான். வா, போலாம்."

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த மழைக்கு முன் மகள் வீட்டு வெளிர் மஞ்சள் சுவரில், கட்டிலுக்கு மேலே, பழுப்பு தட்டியது. முதலில் பார்த்தது மாப்பிள்ளை. நல்ல பிள்ளை, சுவர் விஷயத்தில் கொஞ்சம் கறார்.

"அத்தை, தலகாணி வெச்சுச் சாஞ்சுக்கோங்க. செவுரு வீணாகுது பாருங்க. ஞாயித்துக்கிழம பெயின்டர வரச் சொல்றேன்."

மகள் வாசற்படியில் வந்து நின்று பார்த்தாள். உள்ளே வந்தாள். "சித்தி, நீங்க எப்பவும் சாயற மாதிரி சாயுங்க" என்றாள். சித்தி கட்டிலில் கால் நீட்டிச் சாய்ந்தாள். அடியில் மடித்த போர்வை எதுவும் இல்லை, யாருக்காகப் போட்டுக்கொள்வது? மகள் அவள் உச்சந்தலையில் கையை வைத்தாள். அந்தக் கையிலிருந்து கறை ஒரு சாண் மேலே இருந்தது.

"எண்ணெய் மேல ஏறுமா சித்தி?" மகளின் குரல் சன்னமாக இருந்தது.

சித்திக்கு வேறெது தெரியாவிட்டாலும் இது தெரியும். "ஏறாது கண்ணு. எறங்கத்தான் செய்யும்."

மகள் அந்தக் கறையில் மூக்கை வைத்தாள். அவள் கை சித்தியின் தலையிலேயே இருந்தது, எடுக்க மறந்துவிட்டாள் போல. மாப்பிள்ளை கைபேசியில் பெயின்டர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பெயின்டரும் வேணாம், யாரும் வேணாம்" என்றாள் மகள், திரும்பாமலே. "நீங்க இதுல தலையிடாதீங்க. இது எங்க செவுரு."

"எங்கன்னா? அப்ப நான் யாராம்?" என்று சிரித்துக்கொண்டே போனார் அவர்.

அந்த 'எங்க'வுக்குள் இரண்டு பேரா மூன்று பேரா என்று சித்தி கேட்கவில்லை. தொண்டையில் இருந்த முள் எப்போது இறங்கியது என்றும் தெரியவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். மகள் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போதும் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் மிச்சம் இருந்தது. அதை ஒட்டி உட்கார்ந்தார்கள், நிரப்பவில்லை.